பாதியில கெடந்த தையல் எல்லாம் முடிச்சாச்சு

மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி முடிச்சிரணும்ன்னு நினைச்சேன், முடிச்சிட்டேன். வருஷக்கணக்கா அலமாரிக்கு மேல கெடந்த அந்த பெரிய கட்டைப்பை இப்பம் காலி. தையல் மிஷின் இருக்கிற வீட்டுல எல்லாம் இப்படி ஒரு பை இருக்கும், பாதி தைச்ச பாவாடை, லைனிங் மட்டும் வெட்டி பின் குத்தி வச்ச பிளவுஸ், ஓரம் மடிச்சு அடிக்காத தலகாணி உறை, யாருக்கோ ஆசை ஆசையா ஆரம்பிச்ச, துண்டுத்துணி எல்லாம் சேத்து தைக்கிற பேட்ச்வொர்க் விரிப்பு. துணி எடுக்கிறது, கலர் சேக்கிறது, வெட்டுறது எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சிரும், அதுக்கப்புறம் ஓரம் அடிக்கணும், ஹெம்மிங் பண்ணணும், கொக்கி வைக்கணும்ன்னு வரும்போதுதான் வீட்டுல வேற வேலை வந்து நிக்கும், பை மேல ஏறிரும்.

துணி எத்தன வருஷம் வேணும்ன்னாலும் பையில கெடக்கும், அதை உடுக்க வேண்டிய ஆளு அப்படியே இருக்க மாட்டாங்க. பிள்ளைங்க வளந்துரும். எங்க அம்மை முட்டு வலி வந்து தரையில பாய் போட்டு படுக்கிறத விட்டுட்டு கட்டிலுக்கு மாறியாச்சு, பாய் அளவுக்கு நான் வெட்டி வச்சிருந்த விரிப்பு கட்டிலுக்கு பத்தாது, இன்னும் ரெண்டு பக்கமும் கூட்டணும். அதனால இந்த தடவை எது சுலபம் எது அழகுன்னு பாக்காம, யாருக்கு முதல்ல தேவைப்படும்ன்னு மட்டும் பாத்து வரிசை போட்டேன். அண்ணன் மகளுக்கு ஏழாம் மாசம், அதனால குழந்தைக்குள்ள விரிப்பு முதல்ல. அடுத்து அம்மை அப்பா கட்டில் விரிப்பு. அதுக்கப்புறம் என் மகளுக்க ஸ்கூல் பாவாடை, மத்த சில்லறை வேலை எல்லாம்.

இதுல பெரிய வேலை கட்டில் விரிப்புதான், அதைப்பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நெறைய பேரு இதை கடையில புதுத்துணி வாங்கித்தான் பண்ணணும்ன்னு நினைச்சு விட்டுர்றாங்க. நான் எடுத்தது எல்லாம் அப்பாவுக்க பழைய சாரமும் (லுங்கி) அம்மைக்க பழைய காட்டன் சேலையும்தான். அப்பாவுக்கு நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டு, அவருக்க சாரத்துல பாதிக்கு மேல ரப்பர் பால் பட்டு கறுத்து இறுகிப்போன திட்டு இருக்கும், அது எந்த சோப்புக்கும் போகாது, தைக்கவும் ஆகாது, ஊசி அதுக்குள்ள எறங்கி ஏறும்போது பசை பிடிச்சு நூல் விட்டுவிட்டு விழும். அந்த திட்டை எல்லாம் தள்ளிட்டு நல்ல எடமா பாத்து வெட்டணும். நல்ல எடமா இல்லையான்னு பாக்க ஒரே வழி, துணிய ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாக்கிறது. இழை விலகி வெளிச்சம் சல்லடையா தெரிஞ்சா அந்த எடம் வேண்டாம். சேலைன்னா கொசுவம் வர்ற எடத்துல கீழ்க்கரைதான் முதல்ல தேயும், உடம்பை சுத்தி உள்ள போற பாகம் அவ்வளவா தேயாது, முந்தி பக்கமும் நல்லா இருக்கும்.

அப்பா ஒருநாள் பாத்துட்டு, "எனக்க சாரம் எல்லாத்தையும் வெட்டி தீத்துராத மக்களே, உடுக்க ரெண்டெண்ணம் வேணும்"ன்னு சொல்லிட்டு போனாரு, அடுத்த நாள் அவரே பத்தாயத்துக்குள்ள இருந்து இன்னும் ரெண்டு பழைய சாரம் எடுத்துட்டு வந்து மிஷின் மேல வச்சாரு. அதுல ஒண்ணு பச்சையும் சிவப்பும் கட்டம் போட்டது, நான் ஸ்கூல் படிக்கும்போது அவரு உடுத்தது, அந்த கலர் இப்பமும் மங்கல.

அளவு 60க்கு 90 இன்ச். ஆறு இன்ச் கட்டம், அகலத்துக்கு பத்து, நீளத்துக்கு பதினஞ்சு, மொத்தம் 150 கட்டம். ஒவ்வொரு பக்கமும் கால் இன்ச் தையலுக்கு விடணும், அதனால வெட்டுறது ஆறரை இன்ச் சதுரமா. அந்த கால் இன்ச்சுதான் இதுல உயிர். பிளவுஸ் தைக்கும்போது கொஞ்சம் கூடக்குறைய போனா பிரிச்சு விடலாம், இதுல அப்படி ஆகாது. ஒரு தையல்ல அரை நூல் அளவு, அதாவது ஒரு இன்ச்சுல பதினாறுல ஒரு பங்கு, கூட போச்சுன்னு வைங்க, ரெண்டு பக்கத்து துணியும் அவ்வளவு குறையும், ஒரு வரிசைக்கு ஒம்பது தையல் வருது, கணக்கு பாத்தா வரிசை ஒரு இன்ச்சுக்கு மேல சுருங்கி போயிருக்கும், அடுத்த வரிசையோட சேக்கும்போது கட்டம் கட்டத்தோட நிக்காது. நான் என்ன பண்ணுவேன்னா, ஊசிக்கு வலது பக்கம் சரியா கால் இன்ச் அளந்து மிஷின் தகட்டுல ஒரு டேப்பு ஒட்டி வச்சிருவேன், துணி ஓரம் அந்த டேப்பை தொட்டுட்டே போகணும், கண்ணு ஊசியில இருக்கக்கூடாது, டேப்புல இருக்கணும்.

இன்னொண்ணு அயன். ஒரு வரிசைக்கு தையல் மடிப்ப எல்லாம் வலது பக்கமா சாச்சு அயன் பண்ணுங்க, அடுத்த வரிசைக்கு இடது பக்கமா. ரெண்டு வரிசையையும் சேத்து வைக்கும்போது ஒரு மடிப்பு இன்னொரு மடிப்புல போய் முட்டி நிக்கும், விரலால தடவிப் பாத்தாலே தெரியும், அந்த எடத்துல பின் குத்திட்டா நாலு மூலையும் ஒரே புள்ளியில வந்து சேரும். இது தெரியறதுக்கு முன்னாடி வரைக்கும் பேட்ச்வொர்க் கஷ்டம்ன்னு நினைப்பாங்க, தெரிஞ்சிட்டா ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ரெண்டு வரிசை சேத்துட்டு படுத்துரலாம்.

குயில்ட்டுன்னா மூணு அடுக்கு, மேல பேட்ச்வொர்க், கீழ ஒரு முழுத்துணி, நடுவுல மெத்துன்னு ஒண்ணு. அந்த நடு அடுக்குக்குத்தான் குளிர் நாட்டுல பஞ்சு மாதிரி பேட்டிங் வைக்கிறாங்க. நம்ம ஊருக்கு அது வேண்டவே வேண்டாம். ஜூன் மாசத்து மழையும் வாங்குறோம், ஐப்பசி கார்த்திகை மழையும் வாங்குறோம், மழை இல்லாதப்ப புழுக்கம். பாலியஸ்டர் பேட்டிங் வச்சு தைச்சா வேர்த்து ஊத்தும். சிலர் இலவம் பஞ்சு வைக்கலாமேன்னு கேப்பாங்க, மெத்தைக்கும் தலகாணிக்கும் அதை மிஞ்ச ஒண்ணும் கெடையாது, ஆனா அந்த நார் வழுவழுன்னு இருக்கும், ஒண்ணோட ஒண்ணு பிடிக்காது, விரிப்பை துவைச்சா ஒரு மூலையில உருண்டு போய் கட்டியா நிக்கும்.

நான் நடுவுல வச்சது பாட்டிக்க நேரியல், முண்டுக்கு மேல போடுற மேல்துணி. பாட்டி கடைசி வரைக்கும் முண்டும் நேரியலும்தான் உடுத்தா, அவ இல்லாம ஆனப்புறம் எல்லாத்தையும் அம்மை துவைச்சு மடிச்சு வச்சிருந்தா, இரணியல் பக்கம் தறியில நெய்ததுன்னு சொல்லுவா, இத்தன வருஷம் துவைச்சு துவைச்சு அது இருக்கிற பதம் கடையில எந்த துணிக்கும் வராது. ரெண்டு நேரியலை ஓரத்தோட ஓரம் சேத்து, தடிப்பு வராம இருக்க மடிக்காம மேலோட்டமா கைத்தையல் போட்டு இணைச்சு உள்ள வச்சேன். நேரியலை உள்ள வைக்கப்போறேன்னு சொன்னப்ப அம்மை மொதல்ல ஒண்ணும் சொல்லல. பெறவு, "பெட்டியில இருந்தா பூச்சி தின்னும், இதுல இருந்தா நான் படுப்பேன்"ன்னு சொன்னா.

மூணு அடுக்கையும் தரையில விரிச்சு, கீழ்த்துணிய டேப்பு போட்டு தரையோட ஒட்டி இழுத்து வச்சு, நடுவுல இருந்து வெளிய பாத்து சேஃப்டி பின் குத்திட்டே வரணும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பின். இந்த வேலைய மட்டும் தனியா பண்ணாதீங்க. நானும் மைனியும் சேந்து பண்ணுனோம், முட்டு போட்டு ஒக்காந்து ஒக்காந்து ரெண்டு பேருக்கும் இடுப்பு பிடிச்சுப்போச்சு, ஆனா அடியில ஒரு சுருக்கம் இல்ல.

மிஷின் எங்க வீட்டுல பழைய கால் மிஷின்தான். எல்லாரும் மோட்டார் வைக்கச் சொல்றாங்க, நான் வைக்கல. 2017 நவம்பர் 30 ஓகி புயல் அடிச்சு ஊரு முழுக்க மரமும் போஸ்ட்டும் விழுந்து நாள்கணக்கா கரண்ட் இல்லாம கெடந்தப்ப, இந்த மிஷின்ல பகல் வெளிச்சத்துல ஒக்காந்து கிறிஸ்மஸ் உடுப்பு எல்லாம் தைச்சு முடிச்சது எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. அதுமட்டுமில்ல, கனமான விரிப்பு தைக்கும்போது காலால மிதிக்கிற வேகம் நம்ம கையில இருக்கும், பைய போகணும்ன்னா பைய போகலாம். ஊசி 16 நம்பர் போட்டேன், தையல் நீளம் சாதாரணமா பிளவுஸுக்கு வைக்கிறத விட கூட்டி வச்சேன், நூல் காட்டன். நடு வரிசையில மொதல் தையல், அதுக்கப்புறம் வலது பக்கம் ஒண்ணு இடது பக்கம் ஒண்ணுன்னு வெளிய வரணும், ஒரே பக்கமா ஓட்டிட்டே போனா துணி ஒருபக்கம் தள்ளிரும். மிஷினுக்கு இடது பக்கம் ஒரு நாற்காலி போட்டு விரிப்புக்க கனத்தை அதுமேல தாங்க வைக்கணும், தொங்க விட்டா அந்த கனமே தையலை இழுத்து கோணலாக்கும்.

இனி பைண்டிங். பையில கெடக்கிற விரிப்பு எல்லாம் நின்னு போற எடம் இதுதான், நாலு ஓரமும் பட்டி வச்சு மூடுற வேலை. கணக்கு சொல்றேன், சுத்தளவு 300 இன்ச், மூலைக்கும் இணைப்புக்கும் ஒரு பன்னெண்டு இன்ச் கூட்டிக்கோங்க. ரெண்டரை இன்ச் அகலத்துல பட்டி, 44 இன்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில எட்டு பட்டி வெட்டணும், அப்படின்னா 20 இன்ச் துணி. அரை மீட்டர் வாங்குனா இம்மி குறையும், முக்கால் மீட்டர் வாங்கிருங்க. நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டுல போய் மெரூன் கலர்ல பாப்ளின் வாங்குனேன், இந்த மொத்த விரிப்புலயும் சக்கரம் (காசு) குடுத்து வாங்குன துணி அது ஒண்ணுதான்.

பட்டிய நீளவாக்குல ரெண்டா மடிச்சு அயன் பண்ணி, அதுக்க திறந்த ஓரம் விரிப்புக்க ஓரத்தோட சேர வச்சு கால் இன்ச்சுல அடிச்சிட்டே வாங்க. மூலை வர்றதுக்கு கால் இன்ச் முன்னாடி நிப்பாட்டி, ரெண்டு பின்தையல் போட்டு நூலை அறுத்துரணும். விரிப்பை திருப்பிட்டு, பட்டிய நேரா மேல பாத்து மடக்குங்க, மூலையில ஒரு சாய்வு கோடு விழும், அந்த கோட்டை விரலால அமுக்கிட்டே பட்டிய மறுபடி கீழ எறக்குங்க, மேல் மடிப்பு விரிப்புக்க மேல் ஓரத்தோட ஒட்டி நிக்கணும். அங்க இருந்து அடுத்த தையல். பின்பக்கம் திருப்புனா மூலை தானா கவர் மடிச்ச மாதிரி கூர்மையா வந்து நிக்கும். மகளுக்கு இதை காட்டிக்குடுத்தேன், மொத மூலைய நான் பண்ணுனேன், மூணாவது மூலை அவ பண்ணுனது, எது யாரு பண்ணுனதுன்னு அம்மைக்கு கண்டுபிடிக்க முடியல. பின்பக்கத்தை மிஷின்ல அடிக்காம கையாலதான் தைச்சேன், ஊசி பட்டிக்குள்ளயே ஓடி ஒரு பொட்டு மட்டும் வெளிய எடுக்கிற மறைத்தையல். நேரம் பிடிக்கும், சாயங்காலம் சாயாவுக்கு அப்புறம் நடையில ஒக்காந்து ஆட்களோட பேசிட்டே தைக்கலாம்.

தலகாணி உறை கதைய சொல்லாம விட முடியாது. பையுக்குள்ள ஒரு பேப்பர்ல சுருட்டி பாட்டி கையால பின்னுன லேஸ் ஒண்ணு இருந்துச்சு, ஒரு முழத்துக்கு கூட. பாட்டி நெய்யூர்ல சின்னப்பிள்ளையா இருக்கும்போது படிச்சது, திண்டு மாதிரி தலகாணி மேல மாதிரி பேப்பரை வச்சு ஊசி ஊசியா குத்தி, நூல் சுத்துன கட்டைகளை மாத்தி மாத்தி போட்டு பின்னுறது. இது நம்ம ஜில்லாவுல எரநூறு வருஷத்து வேலை. 1819ல நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டுக்க மனைவி மார்த்தா மால்ட்தான் இங்க பொம்பளப்பிள்ளைங்களுக்கு லேஸ் பின்ன சொல்லிக்குடுத்தவங்க. 1855ல திருவிதாங்கூர்ல அடிமை முறை ஒழியுறதுக்கு முன்னாடியே, லேஸ் பின்னி கெடைச்ச காசை குடுத்து தன்னை மீட்டுக்கிட்ட பொம்பளைங்க இருந்திருக்காங்க. அதே காலத்துலதான் தைச்ச குப்பாயம் ஒண்ணை போட்டு மாரை மறைக்கிறதுக்கு நம்ம பாட்டிமாரு அடி வாங்கியிருக்காங்க, 1822ல தொடங்கி 1859 ஜூலை 26ல ராஜா உத்தரவு போடுற வரைக்கும் அந்த தோள்சீலைப் போராட்டம் நடந்திருக்கு. 2023 மார்ச்சுல நாகர்கோவில்ல அதுக்க 200வது வருஷக் கூட்டத்துக்கு தமிழ்நாடு, கேரளா ரெண்டு மாநில முதலமைச்சரும் வந்திருந்தாங்க. இந்த மண்ணுல ஒரு ஜாக்கெட்டு தைச்சு போடுறதுக்கு அவ்வளவு நடந்திருக்குன்னு நினைச்சா, மிஷின்ல ஒக்காரும்போது எனக்கு ஒரு மரியாதை வரும், உண்மையாவே வரும்.

அந்த லேஸை மிதமான சோப்புத்தண்ணியில ஊறப்போட்டு, முறுக்காம, துவர்த்துல (துண்டு) வச்சு அமுக்கி ஈரம் எடுத்து, துவர்த்து மேலயே விரிச்சு பின் குத்தி வடிவத்துக்கு காய வச்சேன். பழைய நூல், மிஷின் பல்லு இழுத்தா பிஞ்சிரும், அதனால உறை ஓரத்துல கையாலதான் வச்சு தைச்சேன். அண்ணன் மகளுக்கு அதை குடுத்தேன், அவளுக்கு பாட்டி முகம் சரியா ஞாபகம் இல்ல.

குழந்தைக்குள்ள விரிப்பு சின்னது, 36க்கு 36, பழைய காட்டன் சேலைதான் மேலயும் கீழயும். புதுத்துணிக்கு கஞ்சி இருக்கும், சாயம் இறங்கும், குழந்தைக்கு பழசுதான் நல்லது. பட்டன், மணி, தொங்குற லேஸ் எதுவும் வைக்கக்கூடாது, நூல் முனை எல்லாத்தையும் உள்ள இழுத்து விட்டுரணும், விரல்ல சுத்திக்கும். ஒண்ணு மட்டும் அழுத்தி சொல்றேன், ஒரு வயசு ஆகிறது வரைக்கும் தூங்குற பிள்ளை மேல இதை போத்தவோ தொட்டிலுக்குள்ள போடவோ கூடாது, மூஞ்சிய மூடிரும், டாக்டர்மாரும் அதைத்தான் சொல்றாங்க. முழிச்சிருக்கும்போது தரையில விரிச்சு குப்புற விழுந்து விளையாட விடுறதுக்குத்தான். அவகிட்டயும் இதை சொல்லித்தான் குடுத்தேன்.

மத்ததெல்லாம் சின்ன வேலை. மகளுக்க ஸ்கூல் பாவாடை கீழ மடிப்பு ரெண்டு இன்ச் இருந்துச்சு, பிரிச்சு இறக்கி விட்டேன், பழைய மடிப்புக்கோடு தெரியாம இருக்க ஈரத்துணி வச்சு அயன் பண்ணுனேன். மைனிக்க ரெண்டு சேலைக்கு ஃபால்ஸ். கொசுவலையில ஓட்டை. மிச்ச கட்டத்துணி எல்லாம் சேத்து சந்தைக்கு கொண்டுபோக ரெண்டு பை, ஒண்ணு அப்பா எடுத்துக்கிட்டாரு.

துவைக்கிறது பத்தி கேப்பீங்க. விரிப்புல போட்ட துணி எல்லாம் ஏற்கனவே நூறு தடவை துவைச்சது, சுருங்காது, ஆனா பைண்டிங்குக்கு வாங்குன புதுத்துணிய வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணியில முக்கி காய வைக்கணும், இல்லன்னா மொத துவைப்புல ஓரம் மட்டும் சுருங்கி விரிப்பு கிண்ணம் மாதிரி குழிஞ்சு நிக்கும். மெரூன், கருநீலம் எல்லாம் சாயம் விடும், வெள்ளத்துணி ஒண்ணோட ஊற வச்சு பாத்துக்கோங்க. மழைக்காலத்துல முழுசா நனைக்காதீங்க, மூணு அடுக்கும் காயிறதுக்குள்ள வாடை பிடிச்சிரும், வெயில் வர்ற நாளா பாத்து ரெண்டு கொடியில சேத்து விரிச்சு போடுங்க.

அம்மை விரிப்பை பாத்ததும் மடிச்சு பெட்டியில வைக்கப் போனா, ஆட்கள் வரும்போது போடலாம்ன்னு. நான் வாங்கி கட்டில்ல விரிச்சிட்டுத்தான் வந்தேன். மறுநாள் குளச்சல்ல இருந்து சித்தி வந்தா, கையால தடவிப் பாத்துட்டு, "கொள்ளாமே, எனக்கும் ஒண்ணு தைச்சு தா மக்களே"ன்னா. தைச்சு தாறேன்னு சொல்லியிருக்கேன், ஆனா அளவு அவளுக்க கட்டிலுக்கு எடுத்துட்டு வரணும், வீட்டுல இருக்க பழைய சேலைய எல்லாம் துவைச்சு அயன் பண்ணி கொண்டு வரணும், பாலியஸ்டர் கலந்தது ஒண்ணு கூட வேண்டாம்.